டின்னில் இருக்கும் எண், என் குழலில் வந்த எண்

மூன்று ராத்திரி உட்கார்ந்து ஐந்நூறு ஈய பெல்லட்டை, அதாவது காற்றுப் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டை, ஒவ்வொன்றாக எடை போட்டேன். சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக்காரர்கள் வாங்கும் மில்லிகிராம் தராசு. காற்று பட்டால் கடைசி எண் ஆடும் என்பதால் ஃபேனை நிறுத்த வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில், மே மாதத்தில், ஃபேன் இல்லாமல். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

என் பெண் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். கைமாறி வந்த பிஸ்டல், காற்றுச் சிலிண்டர் வைத்தது. பயிற்சியில் ஒன்பது, பத்து, பத்து என்று போய்க்கொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று ஒரு ஏழு விழும். நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 22 வருஷம் வேலை பார்த்தவன். அளவு தப்பினால் சரக்கில்தான் குறை என்று பழகிய புத்தி. அதனால் குற்றவாளி பெல்லட்தான் என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டின்னில் 0.45 கிராம் என்று போட்டிருந்தது. என் தராசில் 0.446-லிருந்து 0.455 வரை வந்தது. ஆறு மாத்திரை டப்பாவில் எடைவாரியாகப் பிரித்து, டப்பா மேல் எண் ஒட்டி, அவளிடம் பெருமையாகக் கொடுத்தேன். ஒரு வாரம் சுட்டாள். ஏழு விழுவது நிற்கவில்லை.

ஹூஸ்டனில் இருக்கும் மச்சினனிடம் வீடியோ காலில் புலம்பினேன். அவன் அங்கே 9 மி.மீ. பிஸ்டலுக்குத் தானே தோட்டா கட்டுகிறவன். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, அடியில் புது பிரைமர் (பொறி தரும் சின்ன மூடி) அடித்து, வெடிமருந்து அளந்து போட்டு, குண்டைப் பொருத்துவான். அந்த ஊரில் அது ஒரு பொழுதுபோக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், அந்தப் பக்கம் எனக்கு ஆசையும் இல்லை. எங்களுடையது 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டல். குழலை விட்டு வரும்போது சுமார் 5 ஜூல். 2016 விதிகளில் உரிமம் கேட்கும் 20 ஜூல் எல்லைக்கு ரொம்பக் கீழே.

"மாமா, நீங்க எடையை மட்டும் பிடிச்சுத் தொங்கறீங்க. எங்க லோட் டேட்டா, எந்தக் குண்டுக்கு எவ்ளோ மருந்துங்கிற பட்டியல், எப்படி இருக்கும்னு காட்டறேன், அப்புறம் பேசலாம்" என்று அவனுடைய கையேட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான்.

முதல் பார்வைக்கு ரயில்வே கால அட்டவணை மாதிரி இருந்தது. மேலே குண்டின் எடை: 115, 124, 147. கிராம் இல்லை, கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 124-ஐப் பெருக்கிப் பார்த்தால் 8.03 கிராம். அதாவது ஒரு சவரன்! அவன் ஒரு சவரன் எடையுள்ள குண்டை, இரண்டு மூன்று குன்றிமணி எடை மருந்தால் தள்ளுகிறான். இப்படி வைத்த பிறகுதான் அந்தப் பக்கம் எனக்குக் கண் திறந்தது. பெரிய எண்களைக் கண்டு பயப்படுகிறவர்கள் முதலில் தங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டங்களில் மருந்தின் பெயர், தோட்டாவின் மொத்த நீளம், ஆரம்ப அளவு, உச்ச அளவு, வேகம், அழுத்தம். அழுத்தத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கத்தின் சுருக்கப் பெயர். எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற எழுத்துகளைச் சேர்த்து நான் 'சாமி' என்று படித்தேன். 9 மி.மீ.க்கு சாமி வைத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. நம் கணக்கில் 2,400 பார். என் பெண்ணின் சிலிண்டரில் முழுசாகக் காற்று அடைத்தாலே 200 பார்தான், அதைத் தொடவே எனக்கு மரியாதை. அதைப்போல பன்னிரண்டு மடங்கு, கண் இமைப்பதற்குள், உள்ளங்கைக்குள்.

நான் கேட்ட முதல் கேள்வி எல்லாப் புதியவர்களும் கேட்பதுதானாம்: "உச்ச அளவுன்னு போட்டிருக்கே, அப்போ அதைத்தானே போடணும்?" கிடையாது. அது போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை, தாண்டக் கூடாத கோடு. ஆரம்ப அளவில் சில தோட்டா கட்டிச் சுட்டு, பித்தளையையும் பிரைமரையும் வேகத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். ஆரம்ப அளவே போடாத பட்டியலில் உச்சத்திலிருந்து பத்து சதவீதம் இறங்கித் தொடங்குவது வழக்கம். பல பேர் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள், அங்கேயே குறி நன்றாக விழுந்தால் மேலே போக வேலையில்லை.

இரண்டாவது படத்தில்தான் விஷயம் இருந்தது. வேறொரு கையேடு. அதே 124 கிரெய்ன், அதே மருந்து, உச்ச அளவு மட்டும் வேறு. எது அச்சுப்பிழை என்று கேட்டேன். சிரித்தான்.

"ரெண்டும் சரி மாமா. இது இவங்க குழல்ல வந்தது, அது அவங்க குழல்ல வந்தது."

எடை ஒன்றாக இருந்தால் குண்டு ஒன்றாகிவிடாது. மூக்கு நீளமாக இருக்கும் குண்டு ஒரு மாதிரி, மொட்டையாக இருப்பது ஒரு மாதிரி. செம்பு உறை போட்டது வேறு, வெறும் ஈயம் வேறு. கூட்டுக்குள் குண்டு ஆழமாக இறங்கினால் மருந்துக்கு இருக்கும் இடம் சுருங்கி, அழுத்தம் ஏறிவிடும். 9 மி.மீ. கூடு மொத்தமே 19 மி.மீ. சொச்சம், அதற்குள் அரை மில்லிமீட்டர் சாதாரண விஷயம் இல்லை. மொத்த நீளம் என்ற கட்டம் இருப்பது அதற்காகத்தான், அழகுக்கு இல்லை. பிரைமர், பித்தளை, மருந்தின் பேட்ச், சோதனைக் குழலின் நீளம், எல்லாமே கணக்கில் சேரும். ஆகவே ஒரு வரியை எடுத்தால் அந்த வரியில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் மருந்து, அந்தப் புத்தகத்தில் நீளம் என்று பொறுக்கக் கூடாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு மருந்துக்கு இன்னொன்றைப் போடவே கூடாது. அவன் மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். சில மருந்துகள் சொற்பமாகத்தான் இடம் பிடிக்கும், தவறி இரண்டு தடவை போட்டாலும் கூடு வழியாது. அதனால் குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறான்.

என் பட்டியலில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று அப்போது யோசித்தேன். ஒன்றே ஒன்று. எடை. வேகம் இல்லை, தலை அளவு (பெல்லட்டின் முன்பக்க விட்டம்) இல்லை, சிலிண்டரில் அப்போது எவ்வளவு காற்று இருந்தது என்பது இல்லை. பிஸ்டல் கையேட்டில் 150 மீ/வி என்று ஒரு எண் இருந்தது. அது யாருடைய குழலில், எந்த பெல்லட்டில் வந்தது?

வேகம் அளக்கும் கருவியைக் கடையில் விசாரித்தேன், விலை கேட்டதும் திரும்பிவிட்டேன். ரிச்சி தெருவில் ஒரு ஊனோ போர்டு (நேரத்தை எண்ணும் சின்னக் கணினி), இரண்டு ஜோடி இன்ஃப்ராரெட் எல்.இ.டி. - போட்டோ டிரான்சிஸ்டர் (ஒன்று வெளிச்சம் தரும், மற்றது அதைப் பார்க்கும்), வெளிச்சம் மறைந்ததைப் போர்டுக்குச் சொல்ல ஒரு எல்.எம்.393 ஐ.சி. வாங்கினேன். வீட்டில் கிடந்த பிவிசி பைப்பில் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு கண். முதல் கண்ணை மறைத்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதை மறைத்ததும் நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

எழுதும்போது சுலபம். முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. பைப் வழியாக விரலை ஓட்டினால் எண் வருகிறது, பெல்லட் போனால் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் புரிந்தது: பெல்லட் ஒரு கண்ணைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் லட்சத்தில் நான்கு பங்குதான். நான் போட்டோ டிரான்சிஸ்டருக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், அத்தனை பெரிய ரெசிஸ்டரில் அது சோம்பேறியாகிவிடும். பெல்லட் தாண்டிப் போனபின்தான் கண் சிமிட்டும். 1 கிலோ ஓம் மாற்றியதும் எண் வந்தது.

வந்த எண் 900 மீ/வி. அந்தக் காற்றுப் பிஸ்டல் ஒலியை விட வேகமாகச் சுடுகிறதாம்! மேலே எரிந்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்குவதை என் கண்கள் பெல்லட் என்று எண்ணிக்கொண்டிருந்தன. கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டு, வெளியே இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

அப்புறம் மூன்றாவது ஷாட்டில் முதல் எல்.இ.டி.யே தெறித்துப் போய்விட்டது. பைப்பைக் கண்ணளவில் நேராக வைத்திருந்தேன், 22 வருஷ டூல் ரூம்காரன்! வெட்கக்கேடு. பிறகு கொத்தனார் மாதிரி குழல் வாயிலிருந்து இலக்கு வரைக்கும் நூல் கட்டி, நூல் பைப்பின் நடுவில் ஓடும்வரை ஆப்பு வைத்தேன். எங்கள் தெருவில் வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். நடையிலிருந்து கொல்லை வரை 13 மீட்டர் நேர்கோடு கிடைக்கும், கூரைக்கு அடியிலேயே ரேஞ்ச். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள், பூட்டு. அதன் முன்னால் இரும்புப் பெட்டி, உள்ளே சாய்வாகத் தகடு. கண்ணாடி போடாமல் யாரும் நடைக்குள் வரக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஈயம்.

கருவியின் பிழையையும் கணக்குப் போட்டேன். ஊனோ நான்கு மைக்ரோ நொடிப் படிகளில்தான் எண்ணும். 148 மீ/வி-ல் 300 மி.மீ. கடக்க சுமார் 2,027 மைக்ரோ நொடி. ஆக ஒரு படி என்பது 0.3 மீ/வி. இடைவெளியில் நான் 1 மி.மீ. தப்பாக அளந்திருந்தால் அரை மீ/வி தப்பும். ஆனால் அந்தத் தப்பு எல்லா ஷாட்டிலும் ஒரே பக்கம் சாயும். சராசரியை நகர்த்தும், ஏற்ற இறக்கத்தைத் தொடாது. எனக்கு வேண்டியது ஏற்ற இறக்கம்தான்.

முதல் ஐந்து: 156, 148, 147, 149, 148. மறுநாள்: 155, 147, 148, 148, 147.

பார்த்ததும் "அடப்பாவி பெல்லட், ஒன்பது மீட்டர் வித்தியாசம்!" என்றுதான் கத்தினேன். தலையில் எழுதிய தீர்ப்பு அத்தனை சீக்கிரம் அழியாது. மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் பெல்லட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வரிசையை மாத்தாம அனுப்பினீங்களா? ரெண்டு நாளும் முதல் ஷாட்தானே கூட இருக்கு?"

இருபது நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்லட்டில் குறை என்றால் அது வரிசையில் எங்கு வேண்டுமானாலும் வர வேண்டும். முதலாவதாக மட்டும் வருகிறதென்றால் பெல்லட்டுக்கு நாள், கிழமை தெரியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினேன்: காத்திருக்கும் நேரம். சுட்ட உடனே அடுத்தது 148. பத்து நிமிஷம் விட்டால் 149, 150. ஒரு மணி நேரம் விட்டால் 152. ராத்திரி முழுக்க விட்டால் 156. சிலிண்டரின் 200 பார் காற்றை ரெகுலேட்டர் குறைத்து, ஒரு சின்ன அறைக்குள் குறிப்பிட்ட அழுத்தத்தில் நிறுத்தி வைக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்த அறைக் காற்றுதான் போகும். ரெகுலேட்டரின் சீட், அதாவது காற்றை அடைக்கும் இடம், தேய்ந்திருந்தால் சொட்டுச் சொட்டாகக் காற்று உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். சரியாக மூடாத குழாயின் கீழே வைத்த பக்கெட் மாதிரி. எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு நிறையும்.

சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து வருஷத்துக்கு மட்டும் என்று பொறித்திருந்தது. இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி. வாங்கும்போது பிஸ்டலின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பிடியின் மரத்தைத் தட்டிப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. கைமாறிய பிஸ்டல் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்னால் இந்தத் தேதியைப் படியுங்கள்.

பிடித்துவிட்டேன் என்று பெண்ணிடம் தாளை நீட்டினேன். அவள் பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல். பென்சில் எடுத்தாள்.

"நைனா, 148-ல பத்து மீட்டர் போக எவ்ளோ நேரம்? 0.068 செகண்ட். அதுக்குள்ள எவ்ளோ கீழ விழும்? 22 மில்லிமீட்டர். 156-ல? 20. அப்போ முதல் ஷாட் ரெண்டு மில்லிமீட்டர் மேல போகும். அவ்ளோதான்."

இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வளையம் 11.5 மி.மீ. விட்டம். பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து. அப்படியென்றால் பெல்லட்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் போதும். அதற்கப்புறம் ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. தள்ளி. ஏழு விழ வேண்டுமானால் நடுப்புள்ளி 24 மி.மீ.க்கு அப்பால் போக வேண்டும். என் ரெகுலேட்டர் கசிவு இரண்டு மில்லிமீட்டர். நான் மூன்று ராத்திரி வேர்வையில் பிரித்த எடை வித்தியாசமோ, அதே காற்று தள்ளினால் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது.

"அப்ப ஏழு எப்படி வருது?"

"நான்தான் இழுத்தேன். விசையை அமுக்கும்போதே எனக்குத் தெரியும். நீ கேக்கவே இல்லியே நைனா."

கேட்கவில்லைதான்.

ஆனாலும் நான் விடவில்லை. பிஸ்டல் தன்னளவில் எவ்வளவு சிதறுகிறது என்று தெரிந்தால்தானே மிச்சம் கையுடையது என்று சொல்ல முடியும்? பிடியைக் கழற்றி, ரப்பர் ஷீட் சுற்றி, மர அடைப்பு கொடுத்து பெஞ்ச் வைஸில் கட்டினேன். உதவிக்கு வந்த லேத் பட்டறை நண்பர் பார்த்துவிட்டு, "இன்னா தலீவரே, கேரம் போர்டுல ஸ்டிரைக்கர நட்டு போட்டு முறுக்கி வெச்ச மாதிரி கீது" என்றார். முதல் இரண்டு ஷாட்டைக் காற்றைக் கக்கவைக்க வீணாக்கிவிட்டு, அப்புறம் ஐந்து ஐந்தாகச் சுட்டோம். இரண்டு தலை அளவு பெல்லட்: 4.49, 4.50. ஒரே எடை, ஒரே நிறுவனம், தலை விட்டத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வித்தியாசம்.

இங்கேயும் சறுக்கினேன். முதல் ஐந்தில் 4.49 பிரமாதம், ஐந்து துளையும் ஒன்றோடொன்று ஒட்டி 6.5 மி.மீ. உடனே நாலு டின் வாங்கப் புறப்பட்டேன். பெண் சட்டையைப் பிடித்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்ட விலக்கம் படித்தவள். ஐந்து ஷாட்டில் வரும் விலக்கத்தை நம்பக் கூடாது, அடுத்த ஐந்து அதைப் பொய்யாக்கிவிடும் என்றாள். மச்சினனும் அதையேதான் சொல்லியிருந்தான்: ஐந்து தோட்டாவில் அழகாக வந்த ஒரு குழுவை (துளைகளின் கூட்டத்தை) வைத்து ஒரு கிலோ மருந்து வாங்கியவர்கள் அவன் கிளப்பில் நிறையப் பேராம்.

ஆறு தாள் ஒவ்வொன்றுக்கும். 4.49: 6.5, 10, 11, 8.5, 11, 9. 4.50: 7.5, 7, 7, 8, 6.5, 7. ஓரத்திலிருந்து ஓரம் வரை, மில்லிமீட்டரில், வெர்னியரில் அளந்தது. அந்த முதல் 6.5 சும்மா அதிர்ஷ்டம். எங்கள் குழலுக்கு 4.50. உங்கள் குழலுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, இந்த எண்களைப் பார்த்து வாங்காதீர்கள்.

பெல்லட்டின் விட்டமே 4.5. ஆகவே 7 மி.மீ. குழு என்றால் நடுப்புள்ளிகளின் சிதறல் இரண்டரை மில்லிமீட்டர்தான். பத்துக்கு வெளியே விழும் எதையும் இனி பிஸ்டல் கணக்கில் எழுத முடியாது. இதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது, சாக்கு போய்விட்டதே!

இப்போது நோட்டில் எட்டுக் கட்டம்: தேதி, பெல்லட் பேட்ச், தலை அளவு, சிலிண்டர் பார், கடைசி ஷாட்டிலிருந்து எத்தனை நிமிஷம், வேகம், புள்ளி. எட்டாவது கட்டம் அவளுடையது. சுட்ட உடனே, தாளைப் பார்க்கும் முன்னால், எங்கே விழுந்திருக்கும் என்று அவள் சொல்ல வேண்டும், நான் எழுதுவேன். நேற்று நாற்பதில் முப்பத்தொன்றைச் சரியாகச் சொன்னாள். இரண்டு ஏழு விழுந்தன. இரண்டுக்கும் "வலப் பக்கம் கீழே" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ரெகுலேட்டர் சீல் செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வர மூன்று வாரம் ஆகும். சிலிண்டருக்குப் பணம் சேர்க்க வேண்டும். ஆறு மாத்திரை டப்பாவிலும் இருந்த பெல்லட்டுகளை ஒரே டின்னில் கொட்டிக் கலந்துவிட்டேன். தராசை எதிர்வீட்டு ஆசாரி கேட்கிறார்.